குட்டி போடும் சரக்கு

தொட்டியக்கா மீன் வியாபாரத்துக்கு வந்தது ஒரு பல் ஆஸ்பத்திரி வழியாக. அங்கே வரவேற்பு மேசையில் உட்கார்ந்து டோக்கன் போட்டுக் கொடுப்பதுதான் அவள் வேலை. பல் பிடுங்க வருகிறவர்கள் பயத்தில் எழுந்து ஓடிவிடாமல் இருக்க, டாக்டர் ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கி மூலையில் வைத்தார். வைத்ததோடு மறந்தும் போனார். தீனி போடுவது, தண்ணீர் மாற்றுவது, செத்ததை எடுத்துப் போடுவது எல்லாம் அக்கா தலையில் விழுந்தன.

தொட்டியில் இருந்தவை கப்பி மீன்கள். கப்பி முட்டையிடாது, நேரடியாகக் குட்டி போடும். போட்டுக்கொண்டே இருக்கும். இடம் போதாமல் போனபோது அக்கா குட்டிகளைக் கண்ணாடிப் புட்டிகளில் பிடித்து வைத்து, நாற்காலியில் அழாமல் வாய் திறந்த பிள்ளைகளுக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். அந்த வட்டாரத்தில் பல் நன்றாக இருந்த பிள்ளைகள்கூடப் பல் வலிக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார்கள். ஒரு அப்பா வந்து, புட்டி போதவில்லை, பெரிய தொட்டி எங்கே கிடைக்கும் என்று கேட்டார். அக்காவின் கணவர் கண்ணாடி அறுக்கும் கடையில் வேலை பார்த்தவர். அவர் ஒரு தொட்டி ஒட்டிக் கொடுத்தார். அதைப் பார்த்து இன்னொருவர் கேட்டார். டாக்டர் வயதாகி ஆஸ்பத்திரியை மூடிவிட்டு மகனோடு இருக்கக் கிளம்பியபோது, உனக்கு என்ன வேண்டும் என்று அக்காவிடம் கேட்டார். அவள் மூலையைக் கை காட்டினாள்.

அந்த ஒரு தொட்டியோடு அவள் வாடகைக்குப் பிடித்த அறை என் கடைக்குப் பக்கத்து அறை. நான் ஜெராக்ஸ் கடைக்காரன். எங்கள் இருவருக்கும் நடுவில் இருப்பது சுவர் இல்லை, ஒரு பிளைவுட் தடுப்பு. அந்தப் பக்கம் காற்று பம்புகள் நாள் முழுக்கக் குமிழி விடும். இந்தப் பக்கம் என் மெஷின் கத்தும். பேச்சும் தாராளமாக வந்து போகும். இதை ஒட்டுக்கேட்பது என்று யாரும் சொல்லக் கூடாது. காதை மூடிக்கொண்டு கடை நடத்த முடியாது.

வருஷங்கள் ஓடி, அக்காவின் கடை உச்சி வரை தொட்டிகளால் நிறைந்தது. விற்பனை போக, வங்கி, ஹோட்டல், ஆஸ்பத்திரி என்று பெரிய இடங்களின் தொட்டிகளை மாதாமாதம் சுத்தம் செய்து தரும் வேலையும் சேர்ந்துகொண்டது. கணக்கு மட்டும் பழைய மாதிரியே இருந்தது. அன்றன்றைய விஷயத்தை ஒரு டைரியில் எழுதி, வருஷக் கடைசியில் டைரியையே ஆடிட்டரிடம் கொடுத்துவிடுவாள். அந்த ஆடிட்டர்தான் ஒருநாள் அவளைக் கூப்பிட்டு, இனிமேல் இது சரிப்படாது என்றார். பெரிய இடங்கள் எல்லாம் முறையான பில் கேட்கின்றன, வரி அலுவலகமும் கேட்கிறது, அடுத்த நிதியாண்டு தொடங்கும்போது எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்க வேண்டும், ஏதாவது ஒரு கணக்கு சாஃப்ட்வேர் வாங்கிவிடுங்கள் என்றார். எதை வாங்குவது என்று கேட்டதற்கு அவர் வாயே திறக்கவில்லையாம். சொல்லி, நாளைக்கு அது மக்கர் செய்தால் தன் தலை உருளும் என்று பயந்திருக்கிறார்.

அக்கா நேராக என்னிடம் வந்தாள். கம்ப்யூட்டர் வைத்திருப்பவனுக்கு எல்லாம் தெரியும் என்று இந்த வீதியில் ஒரு நம்பிக்கை உண்டு. எனக்குப் பிரிண்ட் கொடுக்கத் தெரியும், அதற்கு மேல் தெரியாது என்று ஒப்புக்கொண்டேன். அவள் கொஞ்ச நேரம் என் மேசை மேல் விரலால் தட்டிக்கொண்டு நின்றாள்.

“நான் மொத்தக் கடையில மீன் வாங்கும்போது கலரைப் பார்த்து வாங்க மாட்டேன்,” என்றாள். “தீனி போடச் சொல்லுவேன். எது வந்து சாப்பிடுதோ அதைத்தான் எடுப்பேன். இதுக்கும் தீனி போட்டுப் பார்த்துடலாம்.”

டைரியில் ஒரு சனிக்கிழமைப் பக்கத்தைத் திறந்து, இதில் சில காப்பி எடு என்றாள். அந்தப் பக்கத்தில் ஒரு வியாபாரிக்கு வரக்கூடிய எல்லாத் தலைவலியும் இருந்தது. ஒருவர் ஸ்டாண்டோடு தொட்டி வாங்கிப் பாதிப் பணம் கொடுத்திருந்தார். ஹோட்டல் தொட்டியைச் சுத்தம் செய்ததற்குக் கூலி, மாதக் கடைசியில் தருவார்கள். ஒரு ஃபில்டர் ஓடவில்லை என்று திரும்பி வந்து, வேறு கொடுத்தாகிவிட்டது. ஏஞ்சல் மீன் ஜோடி ஒன்று விற்றது. சின்ன மீன்கள் சில செத்துப்போயின. இரண்டு ஃபைட்டர்கள் சண்டை போட்டு ஒன்றின் வால் கிழிந்ததால் பாதி விலைக்குப் போனது. கறுப்பு மோலி மீன் ஒன்று குட்டி போட்டது.

விற்க வருகிற ஒவ்வொருவரும் இந்த ஒரு நாளைத் தன் சாஃப்ட்வேரில் ஏற்றிக் காட்ட வேண்டும். அதுதான் தீனி.

முதலில் வந்தவர் டை கட்டியிருந்தார். பெரிய கம்பெனி, பெரிய மடிக்கணினி. பளபளவென்று திரை திரையாகத் திறந்து காட்டினார். கெட்டிக்காரர்தான், குறை சொல்ல முடியாது. பாதிப் பணம், ஹோட்டல் பாக்கி, ஃபில்டர் மாற்றம் எல்லாம் அவர் கையில் மளமளவென்று உள்ளே போயின. நடுவில், உங்களுக்கு எத்தனை கிடங்கு என்று கேட்டார். கிடங்கெல்லாம் இல்லை, தொட்டிதான் என்றாள் அக்கா. அப்படியானால் ஒவ்வொரு தொட்டியையும் ஒரு கிடங்கு என்று வைத்துக்கொள்ளலாம் என்றார். ஒரு மீனை இந்தத் தொட்டியிலிருந்து அந்தத் தொட்டிக்கு மாற்றினால் சரக்கு மாற்றச் சீட்டு ஒன்று போட வேண்டும், அனுப்பியவர் பெயர், பெற்றுக்கொண்டவர் பெயர் இரண்டும் வேண்டும். ரெண்டும் நான்தானே என்று, மூலையில் தொட்டி ஒட்டிக்கொண்டிருந்த அக்காவின் கணவர் சிலிக்கான் பிசினை வழித்துக்கொண்டே கேட்டார். செத்த மீனுக்கு வந்தபோது திரை காலாவதித் தேதி கேட்டது. வாங்கும்போதே தேதி போட்டு வைத்துவிட்டால் நல்லது மேடம் என்றார் டைக்காரர், முகம் மாறாமல். எந்த மீன் என்றைக்குச் சாகும் என்று தெரிந்திருந்தால் நான் வேறு தொழிலுக்குப் போயிருப்பேன் என்று அக்கா சொல்ல, அவரும் சிரித்துவிட்டார். விலையைச் சொன்னபோது அக்கா சிரிக்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்து, யோசித்துச் சொல்கிறேன் என்று மரியாதையாக அனுப்பி வைத்தாள்.

இரண்டாவது சாஃப்ட்வேர் விற்க யாரும் வரவில்லை. சம்பந்தி வந்தார்.

அக்காவின் மகன் இவருடைய மகளைக் கட்டியிருக்கிறான். சின்னஞ்சிறுசுகள் இரண்டு பேரும் வேலைக்காக வேறு ஊரில் இருந்தார்கள். சம்பந்தி ஒரு சிமெண்ட் கிடங்கில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. தேய்த்த சட்டை, பையில் பேனா, பேச்சில் ஒரு சுத்தம். பண்டிகை விசேஷம் என்றால் வருவார், நாற்காலி நுனியில் உட்கார்வார், போய்விடுவார். அக்கா சாஃப்ட்வேர் தேடுகிறாள் என்று மகள் போனில் சொல்லியிருக்கிறாள். அடுத்த நாளே கடை வாசலில் நின்றார்.

அவர் தன் வீட்டுக் கணக்குக்கு ஒரு இலவச ஆப் வைத்திருந்தார். காசே வேண்டாம், போனிலேயே எல்லாம் நடக்கும், எதற்காகத் தண்டச் செலவு என்று சொல்லி, அக்கா பதில் சொல்வதற்குள் தன் போனிலேயே அவள் கடை பெயரைப் போட்டுத் தொடங்கிவிட்டார். அவர் வேறு யாராக இருந்தாலும் அக்கா தடுத்திருப்பாள். பெண் கொடுத்த சம்பந்தியிடம் எப்படித் தடுப்பது? கணவரைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சம்பந்தி தினமும் மாலை வந்து டைரியைப் பார்த்து ஏற்றினார். ஏற்றி முடித்த வாரம்தான் கூத்து ஆரம்பித்தது. ஒரு வாடிக்கையாளர் கப்பி கேட்டார். தொட்டியில் கப்பி கொசகொசவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஆப் மட்டும், கையிருப்பு மைனஸ் பதினாலு என்று சிவப்பில் காட்டியது.

“நீங்க வாங்கினதுக்கு மேல வித்திருக்கீங்க சம்பந்தியம்மா,” என்றார் சம்பந்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டு. ஏதோ குடும்ப மானம் போகிற விஷயம் போல.

“குட்டி போட்டுச்சு சம்பந்தி.”

சிமெண்ட் மூட்டை குட்டி போட்டு அவர் பார்த்ததில்லை. முப்பது வருஷப் பழக்கத்தில் சரக்கு என்றால் வரவேண்டும், போக வேண்டும், இடையில் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருக்காத சரக்கை அவருக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. எண்ணிப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தொட்டி முன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். மீன் நின்றால்தானே எண்ணுவதற்கு? பாதி எண்ணும்போது ஒரு கூட்டம் பாசிக்குப் பின்னால் போய்விடும். திரும்ப முதலிலிருந்து. இப்படி ஒவ்வொரு மாலையும் நடந்தது. தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்கு அவர் எண்ணுவது கேட்கும். கொஞ்ச நாளில் எண்ணிக்கை நடுவே வேறு பேச்சும் கேட்க ஆரம்பித்தது. “ஏய், நீ இப்பத்தான் போனே,” என்பார். “உன்னை எண்ணியாச்சு, நகரு.” ஸ்டூல் நுனியில் உட்கார்ந்தவர் ஸ்டூல் முழுக்க உட்கார ஆரம்பித்ததை அக்கா கவனித்தாள்.

ஆனால் ஆப் சரியில்லை. பில்லின் அடியில் யாரோ விற்கும் தலைமுடி எண்ணெய்க்கு விளம்பரம் வந்தது. வங்கிக்காரர்கள் அந்த பில்லைப் பார்த்துவிட்டு, இது என்ன, நிஜ பில்லா என்று கேட்டார்கள். நாளைக்கு வேறு சாஃப்ட்வேருக்குப் போனால் கணக்கை எடுத்துக்கொண்டு போக முடியுமா என்று அக்கா கேட்டதற்கு, சம்பந்தி போனை மேலும் கீழும் தடவிப் பார்த்துவிட்டு, அதற்கு வழி இல்லை என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும் என்று அக்காவுக்கு அன்றே தெரிந்துவிட்டது. சொல்ல வாய் வரவில்லை. நாளை, நாளை என்று தள்ளினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி தங்கமீன் தொட்டியின் மேல் குனிந்து எண்ணிக்கொண்டிருந்தார். சட்டைப் பையிலிருந்த போன் நழுவி உள்ளே விழுந்தது. தீனி என்று நினைத்துத் தங்கமீன்கள் எல்லாம் அதைச் சூழ்ந்துகொண்டன. அக்காவின் கணவர் சட்டையைச் சுருட்டாமல் கையைத் தோள் வரை முக்கி எடுத்துக் கொடுத்தார். போன் ஒரு தடவை ஒளி விட்டு அணைந்தது.

“போச்சு சம்பந்தியம்மா,” என்றார் அவர். “எல்லாக் கணக்கும் இதுக்குள்ளதான் இருந்துச்சு.”

“டைரியில இருக்கு சம்பந்தி, ஒண்ணும் போகல. உக்காருங்க முதல்ல.”

“புதுசா ஒண்ணு வாங்கி, முதல்லேருந்து ஏத்திடறேன். ஒரு வாரம் குடுங்க.”

நான் மெஷினை நிறுத்திவிட்டேன்.

“வேணாம் சம்பந்தி,” என்றாள் அக்கா. “அந்த ஆப் நம்ம கடைக்கு ஒத்துவராது. போன் விழுந்ததுனால சொல்லல. போன வாரமே சொல்லியிருக்கணும். நீங்க ஆசையா செஞ்சீங்க, எனக்கு வாய் வரல.”

“அப்போ நான் உக்காந்து ஏத்தினதெல்லாம்?”

“வீண்தான் சம்பந்தி. தப்பு என் மேலதான்.”

அவர் கைக்குட்டையை எடுத்து, போனை அதில் வைத்து நான்கு பக்கமும் மடித்துச் சுற்றினார். வருகிறேன் என்று சொல்லிவிட்டு நடந்தார். அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ஸ்டூல் மீது யாரோ தீவனப் பொட்டலத்தை வைத்திருந்தார்கள். அக்கா அதை எடுத்துக் கீழே வைத்தாள்.

கொஞ்சம் சுற்றி வளைத்துச் சொல்லியிருக்கலாம் என்றார் கணவர். சுற்றி வளைத்திருந்தால் காலம் முழுக்க அந்த மைனஸ் மீனோடு குடும்பம் நடத்த வேண்டியிருக்கும் என்று அக்கா பதில் சொன்னாள். ஆனாலும் அன்று முழுவதும் அவள் யாரிடமும் கலகலப்பாகப் பேசவில்லை. மருமகள் போனில் கூப்பிட்டு, அப்பா ஏன் ஒரு மாதிரி பேசுகிறார் அத்தை என்று கேட்டபோது, நான்தான் காரணம், நானே சரி செய்கிறேன் என்றாள்.

இதற்கு நடுவில் மூன்றாவது ஆள் வந்தாள். சின்னக் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் பெண், தோளில் பை, காலில் ஷூ. சனிக்கிழமைப் பக்கத்தை வாங்கி ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே வந்து, மோலியிடம் நின்றாள். இது எனக்குத் தெரியவில்லை, கேட்டுக்கொண்டு நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். விற்க வந்தவர்களில் தெரியாது என்று சொன்ன முதல் ஆள் அவள்தான் என்பதால் அக்காவுக்கு அவளைப் பிடித்துப்போனது. சொன்னபடி மறுநாள் வந்தாள். சரக்கைக் கூட்டவோ குறைக்கவோ ஒரு பக்கம் இருந்தது. அதில் காரணம் என்று ஒரு பெட்டி. அங்கே நாம் விரும்பியதை எழுதிக்கொள்ளலாம். அக்கா அதில் பிறப்பு, இறப்பு, சண்டை என்று மூன்றையும் தட்டச் சொன்னாள். மூன்றையும் அது மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.

பிடிக்கவில்லை என்றால் கணக்கை எடுத்துக்கொண்டு போகலாமா என்று இவளிடமும் கேட்டாள். அந்தப் பெண் ஒரு பொத்தானை அழுத்தினாள். மொத்தக் கணக்கும் ஒரு கோப்பாக இறங்கியது. அதை என் கடைக்கு அனுப்பித் திறந்து பார்க்கச் சொன்னார்கள். திறந்தது. சாஃப்ட்வேருக்கான மாத வாடகையும் கட்டுப்படியாகும் அளவுக்குத்தான் இருந்தது. போனோ கம்ப்யூட்டரோ எது தண்ணீரில் விழுந்தாலும் கணக்கு அவர்கள் இடத்தில் பத்திரமாக இருக்கும் என்றாள் அந்தப் பெண். போனை எடுத்த அன்று நனைந்து, உள்ளே இன்னும் ஈரம் காயாத தன் கைக்கடிகாரத்தைக் கணவர் பார்த்துக்கொண்டார்.

ஒன்றுதான் பாக்கி. புது நிதியாண்டின் முதல் நாள், கடையில் என்னென்ன எத்தனை இருக்கிறது என்று எண்ணி ஏற்ற வேண்டும். எண்ணுவது உங்கள் வேலை என்று அந்தப் பெண் சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலை கடையைத் திறக்காமல் அக்கா சம்பந்தி வீட்டுக்குப் போனாள். போனதையும் நடந்ததையும் அவளே பிறகு என்னிடம் சொன்னாள். அவர் வீடு துடைத்து வைத்தது போல இருந்ததாம். ரிமோட்டுக்கு பிளாஸ்டிக் உறை, மேசையில் ஒரே ஒரு தம்ளர், சுவரில் கிழிக்க வேண்டிய தேதிக்குக் கிழித்த காலண்டர். சத்தமே இல்லை. கடையின் இரைச்சலிலிருந்து வந்தவளுக்குக் காது அடைத்தது போல இருந்திருக்கிறது.

“எண்ண ஆள் வேணும் சம்பந்தி,” என்றாள், உட்காருவதற்கு முன்பே.

“சாஃப்ட்வேரை முடிவு பண்ணிட்டீங்கல்ல. அப்புறம் நான் எதுக்கு?”

“சாஃப்ட்வேருக்கு மீனைப் பார்க்கத் தெரியாது. எனக்கு எண்ணத் தெரியாது. எங்க வீட்டுக்காரருக்குப் பொறுமை கிடையாது.”

அவர் உள்ளே போய் டீ போட்டு எடுத்து வந்தார். அடுக்களையில் இரண்டாவது தம்ளரைத் தேட அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அவள் முன்னால் வைத்துவிட்டு, சன்னலைப் பார்த்தபடி கேட்டார்.

“அந்தப் பெரிய கறுப்பு மோலி, வயிறு உப்பியிருந்துச்சே. போட்டாச்சா?”

“நேத்து. உங்களைத்தான் நினைச்சேன்.”

முதல் தேதியன்று அவர் எல்லோருக்கும் முன்னால் வந்து வாசலில் நின்றார். இந்த முறை மீன் பின்னால் ஓடவில்லை. காலித் தொட்டி ஒன்றில் தண்ணீர் நிரப்பச் சொன்னார். அக்கா வலையில் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளி மாற்ற, அவர் வலையில் இருப்பதை எண்ணிச் சொல்ல, கணவர் சாக்பீஸால் கண்ணாடி மேல் கோடு போட, சாஃப்ட்வேர் பெண் ஏற்றினாள். ஒரு தொட்டி முடிந்தால் அடுத்தது. நான் கடையை வீட்டுக்காரியிடம் விட்டுவிட்டுத் தீவனப் பொட்டலம் எண்ணினேன். யாரும் சும்மா இருக்கவில்லை.

குட்டி மீன் தொட்டிக்கு வந்தபோது வேலை நின்றது. ஊசி முனை அளவில் இருந்தவற்றை வலையால் எடுத்தால் பாதி செத்துப்போகும் என்றாள் அக்கா. எண்ணாமல் எப்படி ஏற்றுவது என்று அந்தப் பெண் கேட்டாள். சம்பந்தி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இதை ஏத்தவே கூடாது,” என்றார். “வளந்து, விலை போட்டு வெளியே வைக்கிற அன்னைக்குத்தான் இது சரக்கு. அதுவரைக்கும் குழந்தை. குழந்தையை யாராவது ஸ்டாக்ல காட்டுவாங்களா?”

அந்தப் பெண் யோசித்துப் பார்த்து, அதுதான் சரி என்றாள். ஆடிட்டரிடம் போனில் கேட்டதற்கு அவரும் அதையே சொன்னார். அன்றிலிருந்து அதுதான் கடையின் சட்டம். பிறப்பு என்று எழுதுவது மீன் பிறந்த அன்று அல்ல, விலை போட்ட அன்று.

பிறகு சம்பந்தி காலையிலும் வர ஆரம்பித்தார். பில் போடுவது, பாக்கிக்காரர்களுக்கு நினைவுபடுத்துவது எல்லாம் அவர் கைக்குப் போனது. இவ்வளவு வேலை வாங்கிக்கொண்டு சும்மா இருக்க முடியாது, சம்பளம் வாங்கிக்கொள்ளுங்கள் என்றாள் அக்கா. சம்பந்தி வீட்டில் சம்பளமா என்று அவர் எழுந்தே நின்றுவிட்டார். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. சாஃப்ட்வேரில் ஊழியர் என்று ஒரு பக்கம், பங்குதாரர் என்று ஒரு பக்கம் இருந்தது. சம்பந்தி என்று பக்கம் இல்லை. கடைசியில் ஆடிட்டர்தான் வழி சொன்னார். ஆலோசகர் என்று போட்டு, மாதம் ஒரு கட்டணம் கொடுங்கள் என்றார். ஆலோசகர் என்ற சொல்லைக் கேட்டதும் சம்பந்தியின் முகம் மலர்ந்துவிட்டது. மறுப்பே இல்லை.

அந்தக் கட்டணத்தில் முதல் மாதமே அவர் தன் வீட்டுக்கு ஒரு தொட்டி வாங்கினார். அக்காவின் கணவர் தடிமனான கண்ணாடியில் பார்த்துப் பார்த்து ஒட்டிக் கொடுத்தார். காசு வேண்டாம் என்று அக்கா சொன்னதைக் காதில் வாங்காமல், சம்பந்தி தன் பெயருக்குத் தானே பில் போட்டு, தள்ளுபடி இல்லாமல் முழுத்தொகையும் கட்டி, ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

போன மாதம் மருமகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். வீட்டில் அப்பாவைக் காணாமல் நேரே கடைக்கு வந்தாள். அவர் ஒரு ஹோட்டல்காரரோடு போனில் பாக்கி பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்துவிட்டு, கையைக் காட்டி, கொஞ்சம் உட்கார், வேலையாக இருக்கிறேன் என்று சைகை செய்தார். அவள் என் கடை வாசலுக்கு வந்து நின்று கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “அங்கிள், எங்க அப்பா எப்பவும் இப்படித்தான் சத்தமா பேசுவாரா?” என்று கேட்டாள். இப்போது கொஞ்ச நாளாகத்தான் என்றேன்.